பதினாலாம் நம்பர் ரத்தம்

அஞ்சாங்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரி,
லுணுகலை.
2.2.1969

அண்ணே,

தங்கச்சி இராக்கம்மா எழுதுறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கடுதாசியை அடுப்பில போட்டுடாதீங்க. ஒரு தடவை படிச்சிட்டு அப்புறம் போடுங்க.

மதினியை மயானத்துக்குத் தூக்கின அன்னைக்கு நான் பெரகலச் சந்தியில பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமா உங்க லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மதினியோட அண்ணன் ரெங்கசாமி வாசல்லயே கையை நீட்டி மறிச்சாரு. "ஆஸ்பத்திரிக்காரி உள்ள வரக்கூடாது"ன்னாரு. நான் அவரைப் பார்க்கலை அண்ணே, உங்களைத்தான் பார்த்தேன். விடுங்க, அவ என் தங்கச்சின்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். "இவ கொண்டாந்த காய்ச்சல்தான் என் பெரியாயியக் கொண்டு போயிருச்சு"ன்னு நீங்களே சொன்னீங்க. அத்தனை பேருக்கு முன்னால சொன்னீங்க. நான் தண்ணி பிடிக்கிற பீலிக்கிட்ட நின்னு, மதினியோட தேர் கீழே இறங்கிப் போறதை மட்டும் பார்த்துட்டு அடுத்த பஸ்ஸில திரும்பிட்டேன். முகத்தைப் பார்க்கலை.

பொங்கலுக்கு நான் அங்க வந்தப்ப எனக்குக் காய்ச்சல் இல்லை. டாக்டரையா என் வாயில தெர்மாமீட்டரை வெச்சுப் பார்த்துத்தான் லீவு குடுத்தாரு. ஒரு தும்மல்கூட இல்லை. ஆனா மார்கழி பிறந்ததில இருந்து நான் இந்த ஹொங்கொங் காய்ச்சல்காரங்களுக்கு நடுவிலதான் கெடக்கேன். பதினெட்டுக் கட்டில், நாப்பது ஆளு. பாதிப் பேருக்குத் தரையில சாக்குதான். அவங்க வாந்தியை அள்ளின கையோடதான் வந்தேன். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன், சேலையை வெந்நியில போட்டேன். வேற என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை.

ரெண்டு ராத்திரி மதினிக்குப் பக்கத்தில படுத்தேன். வயித்தில ஏழு மாசம், காலெல்லாம் வீங்கியிருந்துச்சு, அமுக்கி விட்டேன். அதை நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கலை.

வர்ற பத்தாம் தேதி பதினாறாம் நாள். ஓரமா நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுறேன். வரட்டுமான்னு ஒரு வரி எழுதுங்க. புள்ள பவளக்கொடி என்ன செய்றா?

இராக்கம்மா

—

கீழ்ப்பிரிவு லயம்,
பெரகல.
6.2.1969

இராக்கம்மாவுக்கு,

வர வேண்டாம். மச்சான் ரெங்கசாமி சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காரு. நீ வந்தா அவர் ஆளுங்க கருமாதிக்கு நிக்க மாட்டாங்க.

பதினஞ்சாம் தேதி நீ கெளம்பின. பதினேழாம் தேதி அவளுக்குக் காய்ச்சல். இருபத்தாறாம் தேதி வயித்துப் புள்ளையோட போயிட்டா. இந்த லயத்தில அவளுக்கு முந்தி யாருக்கும் அந்தக் காய்ச்சல் இல்லை. கணக்கு எல்லாருக்கும் தெரியுது.

பவளக்கொடிக்கு அஞ்சு வயசு. ஆத்தா எங்கேன்னு கேக்குறா. அத்தை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்குன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

முருகையா

—

லுணுகலை.
3.3.1969

அண்ணே,

எழுத வேண்டாம்னு நீங்க எழுதலை, வர வேண்டாம்னுதான் எழுதினீங்க. அதனால எழுதுறேன். இதை நீங்க தெரிஞ்சுக்கணும்.

போன வியாழக்கிழமை கொழும்பில இருந்து டாக்டர்மார் ரெண்டு பேர் ஜீப்பில வந்தாங்க. கூடவே பதுளைக்காரர் ஒருத்தர், ஜுனைதீன்னு பேர், அவர்தான் ரத்தம் எடுக்கிறவர். இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிகள்ல வேலை செய்றவங்க எல்லாரோட ரத்தத்தையும் எடுத்துச் சோதிக்கிறாங்களாம். நோயாளிங்க ரத்தம் இல்லை, எங்க ரத்தம். குசினிக்காரர், மருத்துவிச்சி, தோட்டி கணபதி, நான், யாரையும் விடலை. கணபதி தேயிலைக்குள்ள ஓடி ஒளிஞ்சுட்டான், பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க.

என் கையில ரப்பரைக் கட்டும்போது, எதுக்குங்க இதுன்னு கேட்டேன். ஜுனைதீன் நல்ல மனுஷர். "ஒங்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்ததா தங்கச்சி?"ன்னு கேட்டாரு.

"இல்லீங்க."

"வந்தும் தெரியாம இரிக்கலாம். சில பேருக்கு ஒண்ணும் காட்டாம வந்திட்டுப் போயிரும். நோய் போனாலும் அதோட சண்ட புடிச்ச சத்து ரத்தத்தில நிக்கும். அதத்தான் நாங்க தேடுறோம்."

நான் கையைப் பின்னால இழுத்தேன். ஊசி நழுவிடும்னு அவர் என் மணிக்கட்டை அழுத்திப் பிடிச்சாரு. "ஒண்ணும் காட்டாம வந்தா, அந்த ஆள்கிட்ட இருந்து மத்தவங்களுக்கு ஒட்டுமா?"ன்னு கேட்டேன். "ஒட்டலாம்"னாரு.

குப்பியில என் பேர் இல்லை. நம்பர் பதினாலு. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்பாங்களாம். ரெண்டையும் கொழும்பில வெச்சுப் பார்த்து அப்புறம்தான் சொல்லுவாங்க.

அண்ணே, நான் கேட்டு வாங்கிடுவேன். இருக்குன்னு வந்தாலும் எழுதுவேன், இல்லைன்னு வந்தாலும் எழுதுவேன். இல்லைன்னு வந்தா மட்டும் என்னை வரச் சொல்லுங்க.

இராக்கம்மா

—

பெரகல.
11.3.1969

இராக்கு,

உன் கடுதாசி கெடச்சுது. வர்ற முடிவை மறைக்காம எழுது. எழுதுவேன்னு நீயே சொல்லியிருக்க, பார்க்கலாம்.

அந்தப் பதுளைக்காரர்கிட்ட ஒண்ணு கேட்டு எழுது. படுத்துக் கெடக்காம, வெறும் தொண்டைக் கரகரப்பு, ரெண்டு நாள் இருமல், அதோட சரியாப் போன ஆளுக்கும் அந்தச் சத்து ரத்தத்தில நிக்குமா? அது இந்தக் காய்ச்சல்தானா, இல்லை சாதாரணத் தடுமனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இங்க ஒருத்தர் கேக்கச் சொன்னாரு.

முருகையா

—

லுணுகலை.
23.3.1969

அண்ணே,

என்னை இராக்குன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது.

ரெண்டாவது ரத்தமும் எடுத்தாச்சு. இந்தத் தடவை மூணு பேர் குடுக்கலை. வேலையில இருந்து நிறுத்தத்தான் எடுக்கிறாங்கன்னு ஒரு பேச்சு, எடுத்த ரத்தத்தை விக்கிறாங்கன்னு ஒரு பேச்சு. கணபதி இந்தத் தடவை ஓடலை. அவன் ஒரு வாரமாக் காய்ச்சலில படுத்துட்டு எந்திரிச்சவன். "இனி என்னாத்தை எடுப்பாங்க, எடுக்கட்டும்"னு தானே முன்னால வந்து கையை நீட்டினான்.

நீங்க கேட்டதை ஜுனைதீன்கிட்டக் கேட்டேன். வெறும் இருமலோட போன ஆளுக்கும் இருக்கலாமாம். பார்த்தாத் தெரியாது, ரத்தத்தைச் சோதிச்சாத்தான் தெரியுமாம். அப்படிப்பட்ட ஆளுங்கதான் ஊரெல்லாம் நடந்து திரிவாங்க, படுத்துக் கெடக்கிறவங்களைவிட அவங்களாலதான் கூடப் பரவுதுன்னாரு. கேக்கச் சொன்னவர்கிட்டச் சொல்லுங்க.

நேத்து மேல் லயத்துக் கங்காணி சம்சாரம் என் மடியிலயே போயிருச்சு. மூச்சு வாங்கி வாங்கி, உதடு நீலம் பாரிச்சு. டாக்டரையா குடுத்த ஊசியெல்லாம் குடுத்துட்டுக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. மதினியும் இப்படித்தான் கஷ்டப்பட்டிருப்பாங்களா? பெரகலையில எந்த டாக்டர் பார்த்தாரு, யார் பக்கத்தில இருந்தாங்க, தண்ணி கேட்டாங்களா, நீங்க ஒண்ணுமே எழுதலை. நானும் கேக்க உரிமை இல்லாதவளா இருக்கேன்.

முடிவு வர்ற வரைக்கும் இப்படித்தான்.

இராக்கு

—

லுணுகலை.
20.4.1969

அண்ணே,

வந்திருச்சு.

உங்ககிட்ட இருந்து ஒரு மாசமாப் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுறேன்னு சொன்னேன், எழுதுறேன்.

தட்டெழுத்தில ஒரு தாள், முழுக்க இங்கிலீஷ். பேரே இல்லை, நம்பர்தான். யார் யாருக்கு என்னன்னு எங்ககிட்டச் சொல்லணும்னு யாருக்கும் உத்தரவு இல்லையாம். அந்தத் தாள் பெரியவங்களுக்கு. நான் டாக்டரையா மேசைக்கு முன்னால நின்னுட்டே இருந்தேன். "என்ன இராக்கம்மா?"ன்னாரு. பதினாலாம் நம்பர் நான்தாங்க, எனக்கு மட்டும் சொல்லுங்கன்னேன். அவர் விரலை வெச்சுக் கீழே எறங்கி வந்து நிறுத்தினாரு.

"இருக்கு. ரெண்டு தடவையும் இருக்கு. உனக்கு வந்து போயிருக்கு."

"எப்ப வந்துச்சுங்க?"

"அது இதில இல்லை."

"பொங்கலுக்கு முந்தியா, பிந்தியான்னு மட்டும் சொன்னாப் போதுங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எனக்காகத்தான் பார்த்தாரு அண்ணே, அவரைக் குறை சொல்ல மாட்டேன். "முதல் ரத்தத்திலயும் ரெண்டாவதுலயும் ஒரே அளவு. அதனால மாசி பாதிக்கு முந்தியே வந்திருக்கணும். மார்கழியா, தையா, மாசி முதலான்னு யாராலயும் சொல்ல முடியாது. ரத்தத்தில தேதி எழுதியிருக்காது"ன்னாரு.

இதுக்கா ரெண்டு மாசம் காத்திருந்தேன்?

இல்லைன்னு எழுதியிருக்கலாம். கொழும்புக்காரங்க போயிட்டாங்க, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, யார் வந்து கேக்கப் போறா? பேனாவை எடுத்து ரெண்டு தடவை அப்படியே எழுதவும் செஞ்சேன். கிழிச்சுப் போட்டேன். எனக்கு வந்திருக்கு அண்ணே. நான் கொண்டாந்திருக்கலாம். கொண்டு வராமலும் இருந்திருக்கலாம். ஆனா இருக்குன்னு வந்தாச்சு.

இனிமே காய்ச்சல்காரங்க பக்கம் முழுக்க எனக்குத்தான். "உனக்கு இனி லேசில வராது, மத்த பொம்பளைங்களை விட முடியாது"ன்னு டாக்டரையா சொல்லிட்டாரு. சரின்னேன்.

என்னை வரச் சொல்ல வேண்டாம்.

இராக்கம்மா

—

பெரகல.
2.5.1969

இராக்கு,

இதைத் தனியா இருந்து படி.

தை மாசத்துக்கு நாலு நாள் இருக்கையில, ஜனவரி பத்தாம் தேதி, நான் பதுளைக்குப் போனேன். பிரஜாவுரிமைக் கடுதாசி விஷயமா. அரசாங்கக் கச்சேரி வராந்தாவில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நெருக்கியடிச்சு நின்னோம். எனக்கு முன்னால நின்ன ஆள் பூராவும் இருமிக்கிட்டே இருந்தான். பன்னெண்டாம் தேதி எனக்குத் தொண்டை கட்டிருச்சு. உடம்பு வலி. மல்லித்தண்ணி குடிச்சிட்டுத் தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போயிட்டேன், போகாட்டிப் பொங்கல் நேரத்தில பேர் வெட்டிச் சம்பளத்தைக் கொறைச்சிடுவாங்கன்னு. பெரியாயிதான் நெத்தியில தைலம் தேய்ச்சு விட்டா. ஒரே பாயில படுத்தோம். நாலு நாள்ல சரியாப் போச்சு.

பொங்கலன்னைக்கு நான் இருமினதை நீ பார்த்த. என்னண்ணேன்னு கேட்ட. அடுப்புப் புகைன்னு சொன்னேன்.

பதினேழாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் ஏறினதும் எனக்கு என் இருமல் ஞாபகம் வந்துச்சு. ஆனா அது வெறும் தடுமன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன். அவளைத் தூக்கின அன்னைக்கு மச்சான் என் சட்டையைப் பிடிச்சு, "எங்க இருந்துடா வந்துச்சு இது?"ன்னு கேட்டாரு. அந்த நேரம் நீ ஏறி வந்துக்கிட்டிருந்த. என் வாய் உன்னைச் சொல்லிருச்சு.

கேக்கச் சொன்னது வேற ஆள் இல்லை, நான்தான். உன் பதிலைப் படிச்ச பிறகு எழுதக் கை வரலை. உன் ரத்தத்தில இல்லைன்னு வந்தா நான்தான்னு ஆயிடும், அதனால இருக்குன்னு வரணும்னு தினம் சாமியைக் கும்பிட்டேன். வந்திருச்சு. வந்த பிறகுதான் யோசிச்சேன். நீ என் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுத்தானே போன. உனக்கே என்கிட்ட இருந்து ஒட்டியிருந்தா?

என் ரத்தத்தை எடுக்கச் சொல்லு. எங்க வரணும்னாலும் வர்றேன். லுணுகலைக்கு வரவா, பதுளைக்குப் போகவா? அந்த ஜுனைதீனைக் கேட்டு எழுது.

முருகையா

—

லுணுகலை.
9.5.1969

அண்ணே,

உங்க ரத்தத்தை யாரும் எடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்களோடதைத்தான் எடுத்தாங்க, அதுவும் முடிஞ்சு போச்சு. ஜீப் திரும்பி வராது. ஜுனைதீனுக்கு எழுதிக் கேட்டேன். தோட்டத்து ஆளுங்களுக்கு எடுக்கத் தன்னால ஏலாதுன்னு எழுதிட்டாரு. எடுத்தாலும் இருக்கு, இல்லைன்னு ரெண்டுதானே சொல்லும்? உங்களுக்கும் இருந்தா, எனக்கும் இருந்தா, யார்கிட்ட இருந்து யாருக்கு? கொழும்பில இருக்கிற எந்த டாக்டரும் அதைச் சொல்ல மாட்டாங்க.

மூணு மாசம் அண்ணே. மூணு மாசமா நான் யாரையும் தொடப் பயந்தேன். நோயாளிக்குக் கஞ்சி குடுக்கும்போதுகூட மூச்சை அடக்கிக்கிட்டுக் குடுத்தேன். தண்ணிப் பீலிக்கிட்ட நின்னு அவங்களைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்தேனே, அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? எனக்கும் இருமல் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை. கும்பிடவாவது உள்ள விட்டிருப்பாங்க.

இதுக்கு மேல எழுதினா வேண்டாததை எழுதிடுவேன்.

இராக்கம்மா

—

பெரகல.
21.5.1969

இராக்கு,

நீ சொன்னது சரி. சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லிட்டேன்.

போன வாரம் மேல்பிரிவில மச்சான் லயத்துக்குப் போயி அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கச்சேரி, இருமல், அடுப்புப் புகை, எல்லாம். அடிப்பாருன்னு நெனச்சேன். அடிக்கலை. "தங்கச்சி மேல பழியைப் போட்டுட்டு இவ்வளவு நாள் என் வீட்டுச் சோத்தைத் தின்னியா?"ன்னு மட்டும் கேட்டாரு. மறுநாள் நான் ஸ்டோர்ல இருக்கும்போது வந்து பவளக்கொடியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அவ பாவாடை சட்டையெல்லாம் மூட்டையாக் கட்டி எடுத்துட்டாங்க.

போயிக் கேட்டேன். ஆளுங்களை வெச்சு வெளிய தள்ளிட்டாரு. சங்கத் தலைவர்கிட்டப் போனேன், குடும்ப விவகாரம்னுட்டாரு. தோட்டத்துத் தொரைகிட்ட யார் பேசுறது? வேலை விட்டதும் தெனமும் மேல்பிரிவு ரோட்டில போயி நிக்கிறேன். அவ வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. அப்பான்னு கூப்பிடுறா. உள்ள இழுத்துட்டுப் போயிடுறாங்க. சரியாத் திங்கிறதில்லைன்னு அங்க இருக்கிற பொம்பளை ஒருத்தி சொன்னா.

உண்மையைச் சொன்னேன் இராக்கு. வேற எனக்கு என்ன செய்யணும்னு தெரியலை. உன்கிட்டக் கேக்க எனக்கு முகம் இல்லை. ஆனா கேக்க வேற ஆளும் இல்லை.

முருகையா

—

லுணுகலை.
1.6.1969

அண்ணே,

பதட்டப்படாமப் படிங்க. நான் சொல்ற மாதிரியே நடந்துக்கங்க.

உங்க கடுதாசி வந்த அன்னைக்கே டாக்டரையாகிட்டப் போனேன். "என் ரத்தத்தில இருக்குன்னு ஒரு துண்டில எழுதி, சீல் குத்திக் குடுங்க"ன்னு கேட்டேன். எதுக்குன்னாரு. அண்ணன் கேக்குறாங்கன்னேன். குடுத்தாரு. "இராக்கம்மாவின் ரத்தத்தில் ஹொங்கொங் காய்ச்சல் கண்டு போனதற்கான அடையாளம் உண்டு." அவ்வளவுதான் அதில இருக்கு. எப்பன்னு இல்லை. நானும் எழுதச் சொல்லலை.

அந்தத் துண்டை வெச்சு ரெங்கசாமிக்குக் கடுதாசி எழுதினேன். "கொழும்பு டாக்டர்மார் சோதிச்சதில நான்தான்னு தெரிஞ்சு போச்சு. அண்ணனுக்கு இருந்தது வெறும் தடுமன். என் மேல வந்த பழியைத் தாங்க முடியாம அவர் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு. சீல் வெச்ச கடுதாசி இதோட இருக்கு. புள்ளையத் தகப்பன்கிட்ட விட்டுடுங்க. நான் இனி அந்தப் பக்கமே வர மாட்டேன், அவளைப் பார்க்கவும் மாட்டேன்." இப்படி எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன்.

அவர் உங்களைக் கேட்டா மறுத்துப் பேசாதீங்க. ஆமான்னு சொல்லுங்க. அப்படிச் சொல்ல வாய் வராட்டிச் சும்மா நில்லுங்க.

பொய்யான்னு கேப்பீங்க. எனக்கும் தெரியலை. நான்தான்னு எழுதினது உண்மையாவே இருக்கலாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செத்தவங்களுக்கும் தெரியாது. அந்தப் புள்ள வேலிக்கிட்ட நிக்கிறது மட்டும்தான் தெரியும்.

உங்க மேல கோபம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். மதினி முகத்தை நீங்க பார்க்க விடலை. அது இருக்கு. ஆனா அதுக்கும் பவளக்கொடிக்கும் என்ன சம்பந்தம்?

காய்ச்சல் கொறைஞ்சிருச்சு. இப்ப ஆறு பேர்தான் இருக்காங்க. அவ வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்க. என்ன சாப்பிட்டான்னு எழுதுங்க.

இராக்கு

—

பெரகல.
12.6.1969

இராக்கு,

செவ்வாய்க்கிழமை மச்சானே பவளக்கொடியக் கொண்டாந்து விட்டாரு. அந்தத் துண்டை என்கிட்டக் காட்டினாரு. நான் சும்மா நின்னேன். என் தோளைத் தட்டி, "என்னை மன்னிச்சிரு மாப்பிளை"ன்னாரு. அதுக்கும் சும்மா நின்னேன்.

ரொட்டியும் சம்பலும் கேட்டா. சுட்டுக் குடுத்தேன். ரெண்டு தின்னா. மெலிஞ்சு போயிருக்கா.

அத்தை பேரை இந்த வீட்டில எடுக்கக் கூடாதுன்னு அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்காங்க. படுக்கும்போது என் காதுக்கிட்ட வந்து, "அத்தைதான் ஆத்தாளைக் கொன்னுச்சாப்பா?"ன்னு கேட்டா.

அவ தூங்கின பிறகு இதை எழுதுறேன்.

முருகையா